நீலமாய்ப் பதிந்த ஒரு மணித்தியாலம்

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. மற்ற ஆறு நாளும் வெறும் நீலத்தைப் பதிந்துவைத்தது.

இராசாத்திக்கு இதன் சூட்சுமம் பிடிபடவில்லை. வேலை முடிந்து கல்லடி வீட்டுக்கு வந்ததும், கால்கூடக் கழுவாமல், தொலைக்காட்சியைப் போட்டு ரெக்கோடரின் பட்டியலைத் திறப்பாள். அன்றைய திகதி சரியாக இருக்கும். பன்னிரண்டரை தொடக்கம் ஒன்றரை வரை என்று நேரமும் சரியாக இருக்கும். ஒரு மணித்தியாலம், ஒரு வினாடி குறையாது. அமத்தினால் திரை முழுக்க நீலம். சத்தம் இல்லை, நிழல் இல்லை. வேகமாக ஓடவிட்டாலும் நீலம்தான் வேகமாக ஓடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதிந்ததைத் திறந்தால் படமும் குரலும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பழுதென்றால் ஏழு நாளும் பழுதாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு யார் போய்ச் சொல்லிக்கொடுத்தது?

அவள் பதியச் சொன்னது நாடகமோ படமோ அல்ல. கொழும்பிலிருந்து ஒளிபரப்பாகும் தமிழ் அலைவரிசை ஒன்றில் மதியச் செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல் போகும். அதைத்தான். வெல்லாவெளியில் அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி சாகக் கிடந்தார். அவர் போய்விட்டால் இராசாத்திக்கு ஆள் அனுப்பிச் சொல்ல ஒருவரும் இல்லை. பிரேதம் எடுக்குமுன் போய் முகத்தைப் பார்ப்பதானால் அந்த அறிவித்தல் ஒன்றே வழி.

ஏன் ஒருவரும் இல்லை என்றால், அது இருபத்திரண்டு வருஷத்துக் கதை. மட்டக்களப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய்வழியாய் வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் எத்தனை ஊர் தள்ளிப் பிறந்தாலும், முன்பின் கண்டிராவிட்டாலும், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. இராசாத்தி விரும்பிய யோகநாதன் வேறு ஊர்க்காரன், லொறி ஓட்டுகிறவன், குணத்தில் குறை சொல்ல முடியாதவன். குடி மட்டும் ஒன்றாகப் போயிற்று. அவளுக்குத் தெரியவந்தபோது மனம் திரும்ப முடியாத தூரம் போயிருந்தது. இருவரும் கல்லடிக்கு வந்து குடியேறினார்கள். அண்ணனைக் கட்டியவள் என்று ஊர் சொன்னது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். பிள்ளை தங்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் யோகநாதனும் போனான். அந்தச் சாவுக்கும் வெல்லாவெளியிலிருந்து ஒரு குருவி வரவில்லை.

அம்மா செத்ததை இராசாத்தி எட்டாம் நாள்தான் அறிந்தாள். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கண்ட பழைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி, "ரீவியில போட்டாங்களே, நீ பாக்கல்லயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இராசாத்தியின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. மூன்று நாள் அறிவித்திருக்கிறார்கள். மூன்று நாளும் அவள் ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு இடுப்புப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வாசலிலேயே கைத்தொலைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுவரை உலகம் அவளுக்கு இல்லை.

அதனால் அப்பாவுக்கு வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்தார் என்று வெல்லாவெளிப் பக்கமிருந்து எப்போதாவது மரக்கறி கொண்டுவருகிற கிழவன் சொன்னபோது, அவள் முதலில் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளையிடம் போனாள். மத்தியானத்தில் அந்த அறிவித்தலை மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். சீதேவிப்பிள்ளை இரண்டு கிழமை பார்த்தாள். மூன்றாம் கிழமை சலித்துப்போனாள்.

"என்னகா இது, உன்ர அப்பர் எப்ப சாவார் எண்டு நான் சோத்துக் கோப்பையோட காவல் இருக்கிறதா? ஊரில உள்ள செத்த ஆக்கள் எல்லாரும் இப்ப என்ர கனவில வாறாங்க."

அதில் நியாயம் இருந்தது. பிறர் சாவை ஒருத்தி எத்தனை நாள் பார்ப்பாள்?

காத்தான்குடி பெரிய வீதியில், நடுவில் ஈச்சமரம் நட்ட இடத்துக்குச் சற்று அப்பால், நஸீரின் கடை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் மின்சாதனங்களைத் திருத்தி விற்பார். ஆள் இல்லாத வீட்டில் தானாகவே தொலைக்காட்சியைப் பதிந்துவைக்கும் சாமான் ஏதும் இருக்கிறதா என்று இராசாத்தி கேட்டாள். நஸீருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாமான் விற்பதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில் அவருக்கு ருசி அதிகம். மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார்.

முதலாவது கேசட் போடுகிற பழைய பெட்டி. களப்புக் காற்றுக்கு நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் வேண்டாம் என்று அவரே தள்ளி வைத்தார். இரண்டாவது டிவிடியில் பதிகிறது. மலிவு. ஆனால் ஒவ்வொரு நாளும் தட்டு மாற்றவேண்டும். மலிவான தட்டில் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், அழித்துத் திரும்ப எழுத முடியாது. தட்டு நிறைந்த அன்று பதிவு நின்றுபோகும். மூன்றாவது, கட்டாரில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்தது. டிவிடியும் உண்டு, உள்ளேயே ஹார்ட் டிஸ்க்கும் உண்டு.

ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவர் விடவும் இல்லை. உள்ளே ஒரு வட்டத் தகடு சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல், தொடாமல், மயிரிழை இடைவெளியில் ஒரு சின்ன முனை அலைந்து அலைந்து எழுதும். தொடாததால் தேய்வில்லை. இருநூறு மணித்தியாலம் கொள்ளும். பழையதை அழிப்பது என்றால் சிலேட்டைப்போலத் துடைப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்று அதற்குள் ஒரு பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடும், அவ்வளவுதான். பெயர் போனால் இடம் காலி.

இன்னும் இரண்டு காரியம் சொன்னார். இந்தப் பெட்டி தொலைக்காட்சியைப் பார்த்துப் பதிவதில்லை. அலைவரிசையைப் பிடிக்கிற கருவி இதற்குள்ளேயே தனியாக இருக்கிறது. அன்ரெனா வயர் முதலில் இதற்குள் வந்து, பிறகுதான் தொலைக்காட்சிக்குப் போகும். ஆகவே தொலைக்காட்சி ஓடவேண்டிய தேவையே இல்லை. ஆனால் இதன் கரண்டை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உள்ளே இருக்கிற மணிக்கூடு பூச்சியத்துக்குப் போய்விடும், நேரம் தெரியாத பெட்டி நேரத்துக்குப் பதியாது. எனவே தனிச் சுவிச்சில் குத்திவிட்டு மறந்துவிட வேண்டும்.

எந்த நாடகத்துக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். நஸீர் கொஞ்ச நேரம் றிமோட்டின் பின்மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாய் நின்றார்.

"சனம் நாடகம் பதிய வாங்கும், கிரிக்கெட் பதிய வாங்கும். மவுத்து பதிய வாங்கினது நீங்க ஒராள்தான் தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டுக் குரல் தாழ்ந்து, "அவர் இருப்பார். அல்லாஹ் போதுமானவன்" என்றார்.

அது 2013ஆம் ஆண்டு, ஐப்பசி முற்பகுதி. பெட்டியைச் சீலையில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். நஸீர் தாளில் எழுதிக்கொடுத்தபடி வயர்களைக் கொழுவினாள். அடுப்படிச் சுவரில் இருந்த தனிச் சுவிச்சில் ரெக்கோடரைக் குத்தி, அதை யாரும் நிறுத்தாமல் மேலே ஒட்டுத்தாள் ஒட்டினாள். அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. என்றாலும் ஒட்டினாள்.

முதல் ஞாயிறு பதிவு நன்றாக வந்தது. ஏழு சாவு. ஒவ்வொன்றிலும் பிறந்த ஊர், இருந்த ஊர், யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருக்குத் தந்தை. அவள் இரண்டு முறை பார்த்தாள். திங்கள் நீலம். செவ்வாய் நீலம்.

இரண்டாம் கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நஸீரிடம் போனாள். கடையில் வைத்து நாலு நாள் பதிந்து பார்த்தார். நாலு நாளும் படம் மாசில்லாமல் விழுந்தது. திருப்பிக் கொண்டுவந்தாள். நீலம். இரவில் தொலைபேசியில் அவர் சொல்லச்சொல்ல அவள் பட்டன்களை அமத்தினாள். அலைவரிசை சரி. நேரம் சரி. இப்போது கையால் அமத்திப் பதியுங்கள் என்றார். பதிந்தாள், படம் அழகாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் பதிகிறது, ஆள் வெளியே போனால் நீலம் பதிகிறது.

"முப்பது வருஷமா இந்தச் சாமான்களோட மாரடிக்கிறன். இப்பிடி ஒண்டைக் காணல்ல" என்றார் நஸீர். பெட்டியைத் திருப்பித் தந்தால் காசைத் தருவதாகவும் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். திருப்பிக் கொடுத்தால் ஞாயிறும் போய்விடும்.

மாரி இறங்கியது. களப்புத் தண்ணீர் வெண்சாம்பல் நிறமாகி வீட்டு வேலிவரை ஏறியது. ஒவ்வொரு மாலையும் அவள் அந்த நீலத்தின் முன்னால் இருந்தாள். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் அப்பாவின் பெயரை வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். மற்றப் பெண்கள் திரையில் அழுவார்கள், சிரிப்பார்கள், அதைப் பார்ப்பார்கள். அவள் நீலத்தைப் பார்த்தாள். ஒரு நாள் அது முடியும்வரை பார்த்தாள், முழு மணித்தியாலமும். செய்த காரியத்துக்கு இது ஒரு தண்டனையோ என்றுகூட நினைத்தாள். பிறகு, தண்டனை கொடுக்கிறவருக்கு ஞாயிறு லீவா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை மாலை, மரக்கறிக் கிழவன் வாசலில் நின்று சொன்னான், பெரியாஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று துண்டு வெட்டி வினாயகமூர்த்தியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தண்ணியும் இறங்கவில்லையாம்.

அவள் மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கினாள். ஒன்றுதான் கிடைத்தது. இயந்திரத்தை நம்பாமல் தானே இருந்து பார்ப்பதென்று முடிவு. ஆனாலும் அதில் போட்ட நேரத்தை அழிக்கவில்லை, அது தன்பாட்டில் கிடந்தது.

வியாழன் காலை முழுக்கக் கை ஓயாமல் வேலை செய்தாள். வீடு கூட்டினாள், துணி தோய்த்தாள். ஒரு கைப்பையில் வெள்ளைச் சேலையை மடித்து வைத்தாள். வைத்துவிட்டு, உயிரோடு இருக்கிற மனிதனுக்கு இப்படி ஆயத்தம் செய்கிறோமே என்று எடுத்துவிட்டாள். திரும்ப வைத்தாள். கிணற்றில் குளித்துக்கொண்டு நின்றபோது நேரம் போனது தெரியவில்லை. ஈரத்தலையோடு உள்ளே ஓடிவந்து தொலைக்காட்சியின் சுவிச்சை அமத்தினாள். செய்தி முடிகிற தறுவாய்.

அப்பா நாலாவதாக வந்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்திருந்தார்கள், அதனால் முகம் கொஞ்சம் பரந்து, யாரோ ஒரு அதிகாரியைப்போல் இருந்தார். வெல்லாவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சீனித்தம்பி வினாயகமூர்த்தி. காலஞ்சென்ற நேசம்மாவின் அன்புக் கணவர். அன்னப்பூரணி, தவராசா ஆகியோரின் பாசமிகு தந்தை. இறுதிக் கிரியைகள் இன்று மாலை நாலு மணிக்கு.

இரண்டு பெயர்தான். மூன்றாவது வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவும் இல்லை.

ஒன்றேகாலுக்குக் களுவாஞ்சிக்குடி பஸ். அங்கிருந்து ஓட்டோ. பட்டிருப்புப் பாலத்தில் ஓட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து எந்த வீட்டுக்கு என்று கேட்டான். வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கை எங்கே இருக்கிறதோ அங்கே என்றாள்.

மூன்று மணிக்கு முன்பே போய்விட்டாள். பந்தலுக்குள் நுழைந்தாள். தம்பி தவராசா அவளைக் கண்டான். கதிரைகளை எண்ணுகிறவன்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள், ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை. அவள் பிரேதப் பெட்டியருகில் போனாள். அப்பாவின் முகம் தொலைக்காட்சியில் கண்ட முகம் அல்ல. ஒடுங்கி, கன்னம் உள்ளே போய், அவளுக்குத் தெரிந்த அந்த இடது புருவத்து வெட்டு மட்டும் அப்படியே இருந்தது. பார்த்தாள். வாய்க்கரிசிக்கு வரிசையாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவளைக் கூப்பிடவில்லை. அதற்குள் அவள் வேலியோரம் வந்துவிட்டிருந்தாள்.

அங்கேதான் அக்கா அன்னப்பூரணி வந்தாள். ஊதிய கால், பழுப்புநிற முகம், கையில் ஊசி குத்திய கட்டு. வேறெங்காவது அந்தக் கோலத்தில் கண்டிருந்தால் இராசாத்தி அவளை அக்கா என்று அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

"ஆர் சொன்ன உனக்கு?"

"ரீவியில பாத்தன்."

அக்கா தலையாட்டினாள். பந்தலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள். தனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் பண்ணுகிறார்களாம். இன்னும் எத்தனை மாதம் என்று அவர்களும் சொல்லவில்லையாம், தானும் கேட்கவில்லையாம். இராசாத்தி கைப்பையில் பழைய பஸ் துண்டொன்றைத் தேடியெடுத்துத் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி நீட்டினாள். அன்னப்பூரணி அதை வாங்கவில்லை. ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று.

"செத்த பிறகு நானாகா உனக்குப் போன் எடுக்கிற? போனை வச்சிருக்கிறது தம்பி. அவன் எடுக்க மாட்டான். ஆனா ரீவியில போடுவான், அதில அவனுக்கு ஒரு பெருமை. நீ அதைப் பாத்துக்கொள்ளு."

மேளம் தொடங்கியது. அக்கா போய்விட்டாள்.

மறுநாள் வேலை. அதற்கு மறுநாளும் வேலை. சனிக்கிழமை மாலைதான் இராசாத்திக்கு ரெக்கோடரின் நினைப்பு வந்தது. அப்பாவின் படம் அதில் இருந்தால், வேறொன்றும் அவளிடம் இல்லாதபடியால், வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் வியாழனைத் திறந்தாள். நீலம்.

றிமோட்டை மடியில் போட்டாள். நிறுத்தவில்லை. நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினோராவது நிமிஷத்தில், வெட்டினாற்போல, செய்தி வாசிக்கிற பெண் பாதி வசனத்தில் வந்து குதித்தாள். அதன்பிறகு வந்த அறிவித்தல்கள் எல்லாம் இருந்தன. நாலாவதாக அப்பாவும் இருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பதினோராவது நிமிஷம் என்றால் பன்னிரண்டு நாற்பத்தொன்று. அப்போது என்ன நடந்தது? கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். ரெக்கோடரை அவள் தொடவே இல்லை. தொட்டது ஒன்றைத்தான், தொலைக்காட்சியின் சுவர்ச் சுவிச்சை. அந்தச் சுவிச்சுக்கும் ரெக்கோடருக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

எழுந்துபோய்ச் சோதித்தாள். ரெக்கோடரைக் கையால் பதியவிட்டாள். தொலைக்காட்சிச் சுவிச்சை நிறுத்தி இருபதுவரை எண்ணினாள், திரும்பப் போட்டாள். பதிந்ததை ஓடவிட்டாள். படம், பிறகு இருபது எண்ணுகிற நேரம் நீலம், பிறகு படம்.

தொலைக்காட்சியை இழுத்து வைத்து, பின்பக்கமாய்க் குந்தி, அன்ரெனா வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். கூரைக்கு மேலே நிற்கிற உயரக் குழாயின் உச்சியில் பூஸ்டர் இருக்கிறது. கொழும்பு அலை மட்டக்களப்புக்கு வரும்போது இளைத்துப்போய்விடும், அதைப் பெருக்கிக் கீழே அனுப்புவது பூஸ்டரின் வேலை. அதற்கும் கரண்ட் வேண்டும். உச்சிக்குத் தனியாகக் கரண்ட் வயர் போவதில்லை. வீட்டுக்குள் இருக்கிற தீப்பெட்டியளவு சின்னப் பெட்டியொன்று, படம் இறங்கிவருகிற அதே வயரினூடாகவே கரண்டை மேலே ஏற்றி அனுப்புகிறது. படம் கீழே வருகிறது, கரண்ட் மேலே போகிறது, ஒரே வயரில். அந்தச் சின்னப் பெட்டியின் பிளக் தொலைக்காட்சியின் பிளக்கோடு சேர்ந்து ஒரே சுவிச்சில் இருந்தது. யோகநாதன் காலத்தில் குத்தியது.

வீட்டை விட்டு இறங்குமுன் தொலைக்காட்சிச் சுவிச்சை நிறுத்தாத பெண் கல்லடியில் இல்லை. மாரியில் மின்னல் பயம், கோடையில் கரண்ட் பில் பயம். அவளும் வேலைக்குப் போகும் ஆறு நாளும் நிறுத்தினாள். அதோடு பூஸ்டரும் செத்தது. ரெக்கோடர் சரியான நேரத்துக்கு எழும்பி, அலை ஒன்றும் வராததால், நீலத்தைப் பதிந்தது. ஞாயிறு அவள் வீட்டில் இருந்தாள், தொலைக்காட்சி ஓடியது, பூஸ்டரும் ஓடியது. நஸீரின் கடையில் பூஸ்டர் இரவுபகலாய் ஓடுகிறது. தொலைபேசியில் அவர் சொல்லிச் சோதித்த ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

அன்னப்பூரணிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று தெரியாது. இராசாத்தி பூஸ்டரின் பிளக்கைத் தொலைக்காட்சியின் சுவிச்சிலிருந்து கழற்றினாள். சந்தியிலிருந்து ஒரு நீட்டு வயர் வாங்கிவந்து, ரெக்கோடர் குத்தியிருக்கிற, ஒருபோதும் நிறுத்தாத சுவிச்சுக்கு அதை மாற்றிக் குத்தினாள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பதிந்து பார்த்தாள். பத்து நிமிஷமும் படம் இருந்தது.